மலையேறாத ராணுவத் துப்பாக்கி

கள்ளக்குறிச்சிப் பக்கம் நாளிதழ் படிக்கிறவர்களுக்கு ஒரு செய்தி மனப்பாடம். கரியாலூர் போலீசார் கல்வராயன்மலையில் ரோந்து போனார்கள், ரகசியத் தகவல் கிடைத்தது, காட்டோரக் கொட்டாயில் சோதனை போட்டார்கள், உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி ஒன்று, கருமருந்து கொஞ்சம், பால்ரஸ் குண்டுகள் பறிமுதல், ஒருவர் கைது. ஊர்ப் பெயரும் ஆள் பெயரும்தான் மாறும். கூடவே ஒரு படம் இருக்கும். நடுவில் குனிந்த தலையோடு ஒருவர், இரண்டு பக்கமும் காக்கிச்சட்டை, முன்னால் மேசைமேல் துப்பாக்கி. எல்லோரும் ஆளைப் பார்ப்பார்கள், நான் துப்பாக்கியைப் பார்ப்பேன். பழைய இயந்திரம் எதைக் கண்டாலும், இதை யார் செய்தார், எதை வெட்டி எதோடு ஒட்டினார் என்று பார்க்கிற புத்தி எனக்கு. தையல் மிஷினானாலும் சரி, துப்பாக்கியானாலும் சரி.

இந்தப் புத்திக்கு மேல்நாட்டில் பெரிய மரியாதை உண்டு. போர் முடிந்ததும் ராணுவம் கழித்துக் கட்டுகிற ரைபிள்களை மலிவு விலைக்கு வாங்குவார்கள். நீளமான கட்டையைச் செதுக்கிக் குறைப்பார்கள், குழலைத் தறிப்பார்கள், வால்நட் மரத்தில் புதுக் கட்டை போடுவார்கள், மேலே தொலைநோக்கி பொருத்துவார்கள். சிப்பாய் தோளில் கிடந்தது மான் வேட்டைக்குத் தயாராகிவிடும். 1898இல் வந்த ஜெர்மன் மௌசரின் இயங்குமுறையை வைத்து இப்படிச் செய்த வேட்டைத் துப்பாக்கிகளுக்குக் கணக்கே கிடையாது. அமெரிக்க அதிபராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் ஆப்பிரிக்க வேட்டைக்குப் போனபோது, ராணுவத்தின் 1903 ஸ்பிரிங்ஃபீல்டைத் தன் தோளுக்கு ஏற்பத் திருத்தி எடுத்துப்போனார். நம் நாட்டில் சம்பாவத் புலியைக் கொன்றதற்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாக வந்த ரிக்பி ரைபிளும் மௌசர் வழி வந்ததுதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் இது கடைச்சரக்காகவே ஆனது. தபாலில் பணம் அனுப்பினால் இத்தாலிய ராணுவத்தின் பழைய கார்கானோ ரைபிள் வீட்டுக்கு வரும். தொலைநோக்கியோடு சேர்த்து 19 டாலர் 95 சென்ட். 1963 நவம்பரில் கென்னடியைச் சுட்டது அப்படித் தபாலில் வந்த ஒன்றால்தான். அதன் பிறகு 1968இல் தபால் விற்பனையைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள்.

நம்மூரில் இந்தப் பொழுதுபோக்கு ஏன் வளரவில்லை என்றால், வளர விடவில்லை. தென்னாட்டில் இதன் ஆரம்பம் 1801. பாளையக்காரர்களை அடக்கியதும் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லி கம்பெனி அரசு பிரகடனம் போட்டது. 1857 கலகத்துக்குப் பிறகு பயம் இன்னும் கூடியது. வெள்ளைச் சிப்பாய்க்குக் குழலுக்குள் வரிவெட்டிய என்ஃபீல்டு. அவன் பக்கத்திலேயே நிற்கும் இந்தியச் சிப்பாய்க்கு, வெளியே பார்க்க அதே மாதிரியான, உள்ளே வரி இல்லாத வழவழப்புக் குழல். குண்டு தூரம் போகாது, குறியும் நிற்காது. தன்னிடம் சம்பளம் வாங்குகிற சிப்பாய்க்கே இந்த வரவேற்பு என்றால் குடியானவனுக்கு என்ன கிடைத்திருக்கும்? 1878இல் ஆயுதச் சட்டம் வந்தது. பிறகு, ராணுவத் தோட்டா எந்த அளவோ அந்த அளவில் வெளியார் யாரும் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற விதி வந்தது. 1900களின் தொடக்கத்தில் .450 அளவு இந்தியாவுக்குள் வரக்கூடாது என்று தடுத்ததால், லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் மகாராஜாக்களுக்காகவும் துரைமார்களுக்காகவும் .465, .470 என்று புதுப்புது அளவுகளைக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

அந்த விதியின் வால் இன்னும் அறுபடவில்லை. போலீஸ் ஸ்டேஷன் பாராவில் நாம் பார்த்துப் பழகிய 303 இன்றைக்கும் தடைசெய்யப்பட்ட அளவுதான். அதனால் வங்காளத்தில் 1904இல் அமைந்த இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை ஒரு வேடிக்கை செய்தது. அதே லீ-என்ஃபீல்டு இயங்குமுறை, ஆனால் .315 அளவுக் குழல். அந்த .315 தோட்டா எங்கிருந்து வந்தது? ஆஸ்திரிய ராணுவத்தின் மான்லிக்கர் தோட்டா அது. இங்கே எந்தப் படையிடமும் அது இல்லாததால், திருடிப்போய்ச் சுட வழியில்லை என்று அனுமதித்தார்கள். உரிமம் வாங்கிய இந்தியக் குடிமகன் கையில் ராணுவ ரைபிளுக்கு மிக நெருக்கமாக வந்த பொருள் இதுதான். சிறைக்காவலுக்கும் போலீசுக்கும் கொடுத்த 410 மஸ்கட்டின் கதையும் கிட்டத்தட்ட இதே. 303இன் குழலை விரித்து, வரியை வழித்து, ஒரு முறைக்கு ஒரு தோட்டா மட்டும் போடும்படி ஆக்கியது. மேல்நாட்டுக்காரர் திருத்துவது ஆயுதத்தின் திறத்தைக் கூட்ட; நம்மை ஆண்டவர்கள் திருத்தியது அதைக் குறைக்க.

பழைய ராணுவச் சரக்கு நம் பக்கத்திலேயே மலைமலையாகக் குவிந்தும் கிடந்தது. காத்மாண்டுவின் லகன் சிலேகானா அரண்மனையில் நேபாள ராணுவம் பூட்டி வைத்திருந்த ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட பழந்துப்பாக்கிகளை 2003இல் அமெரிக்க வியாபாரிகள் வாங்கிக் கப்பலேற்றினார்கள். மார்ட்டினி-ஹென்றியும் பழைய கம்பெனி மஸ்கட்டும் இன்று அங்கே சேகரிப்பாளர்களின் சுவரில் தொங்குகின்றன. அதில் ஒன்றுகூட கல்வராயன்மலை ஏறியிருக்காது.

ஆக மலைக்கு வந்தது எது? மலையிலேயே செய்தது. பொதுமக்கள் தாங்களாக ஒப்படைத்த நாட்டுத் துப்பாக்கிகளை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்க்க வாய்த்தது. போலீசார் அவ்வப்போது ஊர்க்கூட்டம் போட்டு, கொண்டுவந்து கொடுத்தால் வழக்கு இல்லை என்று சொல்வார்கள். சிலர் கையில் கொடுப்பார்கள், சிலர் ஊர்ப் பொதுவிடத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அப்படி வந்தவை. ஜமக்காளத்தின் மேல் வரிசையாகக் கிடந்ததில் இரண்டு ஒன்றுபோல் இல்லை. ஒன்றின் கட்டை புகையும் எண்ணெயும் ஏறிக் கறுத்துக் கிடந்தது. தோளில் பதிகிற முனை உடைந்துபோய், வேறு மரத்தில் ஒரு துண்டு செதுக்கி ஆணியடித்திருந்தார்கள். புது மரம் வெளுப்பாகத் தெரிந்தது. குழலையும் கட்டையையும் சேர்த்து மூன்று இடத்தில் செப்புக் கம்பியால் நெருக்கமாகச் சுற்றியிருந்தது, ஒரு சுற்றுமேல் ஒரு சுற்று ஏறாமல். குதிரையின் தலை, கட்டைவிரல் பட்டுப் பட்டுத் தேய்ந்து பளபளத்தது. அதன் அடியில் மழைத்தண்ணீர் இறங்காமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் காகிதத்தை நூலால் கட்டியிருந்தார்கள். கட்டையின் பள்ளத்தில் பழைய குங்குமம், ஆயுத பூஜைக்கு வைத்தது. குழல்? என்றோ ஏதோ ஒரு இயந்திரத்தில் வேலை பார்த்த இரும்பு. அதற்குமேல் கேட்கவில்லை, கேட்டாலும் அங்கே யார் சொல்வார்கள்?

மேல்நாட்டு ஆள் பட்டறையில் ஆயிரம் டாலர் உளி வைத்துக்கொண்டு செய்கிற வேலையை, உலைத்துருத்தியும் அரமும் வைத்துக்கொண்டு ஒரு கொல்லர் செய்திருக்கிறார். அந்தக் கைவேலையை மெச்சாமல் இருக்க என்னால் முடியவில்லை. அதே மூச்சில் இன்னொன்றும் சொல்லவேண்டும். குழல் எந்த அழுத்தம் தாங்கும் என்று யாரும் சோதித்துத் தராத ஆயுதம் இது. மருந்து கொஞ்சம் கூடினால் வெடிப்பது எதிரில் நிற்கிற பன்றி மேல் அல்ல, பிடித்திருக்கிறவர் முகத்தில்.

வெள்ளிமலைச் சந்தையில் பழக்கமான ஒரு பெரியவர், வயதில் எழுபதைத் தாண்டியவர், தன் இளமைக்கால வேட்டையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். "ஒரு வெடிதான் தம்பி. மறுபடி மருந்து போட்டு, துணி வச்சு, கம்பியால இடிச்சு, குண்டு போட்டு, கேப்பு வைக்கறதுக்குள்ள அது மலைக்கு அந்தாண்ட போயிடும். இல்லாட்டி நம்ம மேல வந்துடும்." அதனால் கிட்டத்தில் போகவேண்டும், காற்று பார்க்கவேண்டும், காத்திருக்கவேண்டும் என்றார். இந்த மலையின் பழங்குடிகளான மலையாளி மக்களுக்குப் பொங்கலை ஒட்டிய வேட்டை பழைய வழக்கம். சமவெளியில் பாரி வேட்டை என்று நடப்பதும் அந்தச் சமயத்தில்தான். இப்போது பொங்கல் வந்தால் வனத்துறை முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது. விடத்தான் வேண்டும். கேளையாடும் காட்டுமுயலும் எத்தனை மிச்சம் என்று மலைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும்.

வேட்டை நின்றுபோன பின்னும் துப்பாக்கி ஏன் போகவில்லை என்றால், பதில் மரவள்ளிக் கொல்லையில் இருக்கிறது. ஒரு ராத்திரிக்குள் பன்றிக்கூட்டம் இறங்கினால் கிழங்கு ஒன்று மிஞ்சாது. மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்த இந்த மலை 1976இல்தான் அரசுக்கு வந்தது. அதுவரை வெட்டி வேலை பார்த்த குடும்பங்களுக்கு நிலம் என்பது ஒரு தலைமுறைச் சொத்து. அதைக் காவல் காக்க ராத்திரி பரணில் உட்கார்ந்து தகரம் தட்டுகிறார்கள், பட்டாசு கொளுத்துகிறார்கள், சிலர் துப்பாக்கியையும் வைத்திருக்கிறார்கள்.

இங்கே சட்டத்தைப் படித்தால் தலை சுற்றும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆவது பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி கேட்டால் உரிமம் தரவேண்டியது என்ற முறையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதாவது கல்வராயன்மலைக் குடியானவனை மனதில் வைத்து எழுதியது போன்ற வரி. ஆனால் 1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பன்றியைச் சுடக்கூடாது. ஒரு சட்டம் துப்பாக்கியைக் கொடுக்கிறது, இன்னொரு சட்டம் சுடாதே என்கிறது. உரிமம் இல்லாமல் வைத்திருந்து பிடிபட்டாலோ, 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு சிறை. 2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றிக்கு ஒரு ஏற்பாடு அறிவித்தது: காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் தொடக்கூடாது, 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விடலாம், 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். சமவெளி விவசாயிக்கு நல்லதுதான். நாலாபுறமும் காப்புக்காடு சூழ்ந்த மலைக்கிராமத்தில் 3 கிலோமீட்டருக்கு எங்கே போவது?

கர்நாடகத்தின் குடகில் கதை வேறு. 1861 முதல் குடவர்களுக்கும் ஜம்மா என்ற பரம்பரை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் துப்பாக்கி உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. மத்திய அரசு 2019இல் அதை 2029 வரை நீட்டித்தது. கைல்பொள்து பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூ வைத்துப் படைக்கிறார்கள், பத்திரிகைகள் வண்ணப்படம் போடுகின்றன. கல்வராயன்மலையிலும் குங்குமம் வைத்துத்தான் கும்பிட்டார்கள். குடவர்கள் 1857இல் வெள்ளையர் பக்கம் நின்றதற்குக் கிடைத்த சலுகை அது என்பார்கள். நம் மலையாளி மக்களுக்கு ஆட்சிக்கு வேண்டியவர்களாக இருக்க எந்தக் காலத்திலும் வாய்ப்பு வந்ததில்லை. 2024இல் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயச் சாவுகள் நடந்த பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றமே இந்த மலையின் ரோட்டையும் ஆஸ்பத்திரியையும் பற்றிக் கேட்க ஆரம்பித்தது.

அதற்காக ஆளுக்கொரு துப்பாக்கி கொடுங்கள் என்று கேட்க நான் தயாரில்லை. இருட்டில் பன்றி என்று நினைத்துப் பக்கத்துக் கொல்லைக்காரரைச் சுட்ட செய்திகளையும் இதே நாளிதழில் படித்திருக்கிறேன். காட்டு விலங்குக்கும் பிழைக்க இடம் வேண்டும். பயிர்ச்சேத இழப்பீடு அலைக்கழிக்காமல், அறுவடைக்குள் கைக்கு வந்தால் பாதித் துப்பாக்கிகள் தானாக வெளியே வந்துவிடும் என்பது என் கணிப்பு.

வெளியே வருகிறவற்றை என்ன செய்கிறோம் என்பதில்தான் எனக்கு ஆதங்கம். நீதிமன்ற உத்தரவு வாங்கி உடைத்து, பழைய இரும்போடு இரும்பாக ஆக்குவது வழக்கம். ஒரு மலைச் சமூகம் தன் கையால் செய்து, தலைமுறையாகப் பழுது பார்த்த பொருள் பழைய இரும்புக் கடைக்கா போகவேண்டும்? பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருள் ஆயுதச் சட்டத்துக்குள் வராது என்று 45ஆவது பிரிவே சொல்கிறது. வெள்ளிமலையில் ஒரு அறை போதும். அடுத்த முறை ஒப்படைப்பு நடக்கும்போது, உடைக்கிற கும்பலிலிருந்து பத்துத் துப்பாக்கிகளை மாவட்ட ஆட்சியர் எடுத்து, குழலை அடைத்து, எந்த ஊரிலிருந்து வந்தது, கட்டை என்ன மரம் என்று சீட்டு எழுதி அங்கே வைக்கட்டும். வீட்டுப் பரணில் இன்னும் ஒன்றை ஒளித்து வைத்திருப்பவர்கள் ஸ்டேஷனிலோ கிராம நிர்வாக அலுவலரிடமோ கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது அதைச் செய்த கொல்லர் எந்த ஊர்க்காரர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.