ஒருவர் கட்டிய இரண்டு கட்டடங்கள்

நுழையும்முன்
கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுவது கட்டடம். அது இடிவதற்கும் மீண்டும் எழுவதற்கும் பின்னால் மனிதர்களின் முடிவுகள் இருக்கின்றன. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உள்ள ஓர் அரங்கின் வரலாற்றை, அதனை நேரில் கண்ட அனுபவத்தோடு இக்கட்டுரை கூறுகிறது.

என் மகள் ஜெர்மனியில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு கோடை விடுமுறையில் அவளைக் காணச் சென்றிருந்தேன். எல்பே ஆற்றங்கரையில் அமைந்துள்ள டிரெஸ்டன் நகருக்கு அவள் என்னை அழைத்துச் சென்றாள். அங்கே அகன்ற சதுக்கம் ஒன்றில், மணற்கல்லால் ஆன வளைந்த முகப்புடன் ஓர் அரங்கம் நின்றது. அதன் உச்சியில், நான்கு சிறுத்தைகள் பூட்டிய தேரில் கிரேக்கரின் மதுக்கடவுளான டயோனிசஸ் வீற்றிருந்தார். ஓபரா எனப்படும் இசைநாடகம் நிகழும் இவ்வரங்கை, அதனை வடிவமைத்த காட்ஃபிரீடு செம்பரின் பெயராலேயே 'செம்பர் ஓபரா' என்று அழைக்கின்றனர்.

நாடு கடந்தவரின் அரங்கம்

செம்பர் கட்டிய முதல் அரங்கம் 1841ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. இசைமேதை ரிச்சர்டு வாக்னரின் 'ரியன்சி', 'பறக்கும் டச்சுக்காரன்', 'டான்ஹாய்சர்' ஆகிய மூன்று படைப்புகளும் அங்குதான் முதன்முதலில் மேடையேறின. 1849இல் மக்களாட்சி வேண்டி டிரெஸ்டனில் கிளர்ச்சி மூண்டது. அரசவையின் ஆதரவில் வாழ்ந்த செம்பரும் வாக்னரும் கிளர்ச்சியாளர் பக்கம் நின்றனர். தெருக்களில் தடுப்பரண்கள் அமைக்கத் தம் கட்டடக்கலை அறிவைத் தந்தார் செம்பர். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டதும் இருவரும் நாட்டைவிட்டுத் தப்பியோடினர்.

இருபது ஆண்டுகள் கழிந்தன. 1869 செப்டம்பரில், பழுதுபார்க்கும் பணியில் நேர்ந்த கவனக்குறைவால் அரங்கம் தீக்கிரையானது. புதிய அரங்கையும் செம்பரே வடிவமைக்க வேண்டும் என்று நகரமக்கள் வலியுறுத்தினர். ஒருகாலத்தில் அரசு தேடிய மனிதரை மக்கள் மீண்டும் அழைத்தனர். அவர் வெளியூரிலிருந்தே வரைபடங்களை அனுப்ப, மகன் மான்பிரடு கட்டுமானப் பணியை மேற்பார்வையிட்டார். 1878இல் இரண்டாம் அரங்கம் திறக்கப்பட்டது.

தெரிந்து தெளிவோம்
மேடைக்கு மேலே ஒரு கடிகாரம் உள்ளது. அதில் முட்கள் இல்லை. இடப்புறம் மணியை உரோமானிய எண்ணும், வலப்புறம் நிமிடத்தை வழக்கமான எண்ணும் காட்டுகின்றன. ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை எண் மாறும். பார்வையாளர்கள் இருளில் நேரமறியத் தம் பைக்கடிகாரங்களை ஒலிக்கச் செய்து இசைக்கு இடையூறு விளைவித்ததால், இது முதல் அரங்கிலேயே அமைக்கப்பட்டது என்பர்.

இசை நின்ற நாள்

1945 பிப்ரவரி 13ஆம் நாள் இரவு. இரண்டாம் உலகப்போரின் இறுதிக்கட்டம். நேசநாட்டு விமானங்களின் குண்டுமழையில் நகரின் நடுப்பகுதி எரிந்தது. ஏறத்தாழ இருபத்தைந்தாயிரம் பேர் மாண்டனர். அரங்கமும் எரிந்து வெறும் சுவர்களாக நின்றது. அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டு 31 அன்று, வெபர் இயற்றிய 'ஃபிரைஷூட்ஸ்' என்னும் இசைநாடகமே அங்கு இறுதியாக நடைபெற்றிருந்தது.

இடிபாடு நெடுங்காலம் அப்படியே நின்றது. 1977இல்தான் மறுகட்டுமானத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மறைந்துபோன பழைய கைவினை நுட்பங்களைக் கைவினைஞர்கள் மீண்டும் கற்றுக்கொண்டனர். உள்ளே சென்றபோது பளிங்குத்தூண் ஒன்றின்மீது கை வைத்துப் பார்க்குமாறு மகள் கூறினாள். பளிங்கின் குளிர்ச்சி அதில் இல்லை. வண்ணம் கலந்த சுதையைப் பூசி, பளபளக்கத் தேய்த்துப் பளிங்குபோல் ஆக்கியிருந்தனர். செம்பர் காலத்திலும் அவ்வாறே செய்திருந்தனராம். 1985 பிப்ரவரி 13 அன்று, அரங்கம் எரிந்து சரியாக நாற்பது ஆண்டுகள் நிறைந்த நாளில், அதே 'ஃபிரைஷூட்ஸ்' நாடகத்துடன் கதவுகள் திறந்தன. நின்ற இடத்திலிருந்தே இசை தொடர்ந்தது என எண்ணி நெகிழ்ந்துபோனேன்.

கண்ணாடிச் சில்லுகள்

"இன்னோர் இடத்தையும் பார்த்துவிட்டுப் போகலாம் அம்மா" என்றாள் மகள். ஆற்றோரமாகச் சற்றுத் தொலைவு நடந்தோம். கற்களை அடுக்கியதுபோல் எளிமையான ஒரு கட்டடம் தென்பட்டது. அது யூதர்களின் வழிபாட்டிடம். அவ்விடத்தில் முன்பு இருந்த வழிபாட்டிடத்தைக் கட்டியவரும் செம்பரே. முதல் அரங்கம் எழுந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1840இல், அது திறக்கப்பட்டது. அதனை எரித்தது பகைநாட்டு விமானம் அன்று. 1938 நவம்பர் 9ஆம் நாள் இரவில், சொந்த நாட்டின் நாசிகளே அதற்குத் தீயிட்டனர்.

2001இல் கட்டப்பட்ட புதிய வழிபாட்டிடம் பழையதன் நகலாக இல்லை. பழைய கட்டடம் நின்ற இடத்தின் எல்லையை மட்டும் முற்றத்தில் கண்ணாடிச் சில்லுகளால் குறித்திருக்கிறார்கள். அன்று தீயணைப்பு வீரர் ஒருவர் காப்பாற்றி மறைத்துவைத்த விண்மீன் சின்னம் இன்று வாயிலின் மேலே இருக்கிறது.

அம்முற்றத்தில் நின்றபோதுதான் அரங்கின் வரலாற்றில் நான் கருதாமல் விட்ட மற்றொரு நாள் நினைவுக்கு வந்தது. நாசிகளை ஏற்காத ஃபிரிட்ஸ் புஷ் அவ்வரங்கின் இசை இயக்குநராக இருந்தார். 1933 மார்ச் 7ஆம் நாள் அவர் இசைக்குழுவை நடத்த வந்தபோது, நாசிப் படையினர் அரங்கினுள்ளேயே கூச்சலிட்டு அவரை வெளியேற்றினர். பின்னர் அவர் நாட்டைவிட்டே சென்றார். அன்று அரங்கின் ஒரு கல்லும் பெயரவில்லை, விளக்குகள் எரிந்தன, அடுத்தடுத்து நாடகங்களும் நடந்தன. எனினும், அரங்கின் அழிவு அன்றே தொடங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றியது. ஒரு மனிதரைக் கூச்சலிட்டு விரட்டியபோது அமைதி காத்த நகரம், ஐந்து ஆண்டுகளில் வழிபாட்டிடம் எரிவதையும் கண்டது. பன்னிரண்டு ஆண்டுகளில் தானும் எரிந்தது.

அரங்கை அதன் பழைய வடிவிலேயே மீட்க முடிந்தது. வரைபடங்களும் கைத்திறனும் அதற்குப் போதுமானவையாக இருந்தன. வழிபாட்டிடத்தில் கூடியிருந்த மனிதர்களை எந்த வரைபடம் கொண்டு மீட்பது? அதனால்தான் அங்கே பழைய சுவரை எழுப்பாமல் அதன் எல்லையை மட்டும் வரைந்திருக்கிறார்கள் போலும்.

அன்று மாலை மீண்டும் சதுக்கத்திற்கு வந்தோம். அரங்கின் விளக்குகள் ஏற்றப்பட்டு, மக்கள் நாடகம் காண உள்ளே சென்றுகொண்டிருந்தனர். காலையில் அதன் அழகை மட்டுமே கண்டேன். இப்போது அதைக் காணும்போது, முற்றத்துக் கண்ணாடிச் சில்லுகளும் என் கண்முன் நின்றன.