பாலத்துக்கு அப்பால் ஒரு பாலர் வகுப்பு

பாலர் பள்ளி ஆசிரியை என்றால் பாட்டுப் பாடுபவர், பொம்மை காட்டுபவர், மூக்கைத் துடைத்துவிடுபவர் என்னும் எண்ணம் நம்மவரிடையே ஆழ வேரூன்றிவிட்டது. ஆறாம் ஆண்டு ஆசிரியரைக் கண்டால் நின்று வணங்கிப் பேசும் பெற்றோர், பாலர் வகுப்பு ஆசிரியையிடம் "பிள்ளை சாப்பிட்டானா?" என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்வதை என் பள்ளியிலேயே பலமுறை கண்டிருக்கிறேன். உள்ளூரிலேயே நிலைமை இஃதெனில், அதே பணியை அயல்நாட்டிற்குச் சென்று ஆற்றுபவர்களைப் பற்றி எண்ணிப் பார்ப்பவர் எத்தனை பேர்?

அவ்வாறு சென்றவர்களுள் ஒருத்தி என் தமக்கையாரின் மகள். குளுவாங்கில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் பயின்று, பாலர் கல்வியில் டிப்ளோமா பெற்றவள். இங்கு நிலையான பணி கிட்டாமையால் 2018ஆம் ஆண்டில் ஜோகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குச் சென்றாள். 1924ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அப்பாலத்தின் நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். "இதுவும் ஓர் அயல்நாடா?" என்று சிலர் நகைப்பர். கடவுச்சீட்டில் முத்திரை விழும் இடம் எதுவாயினும் அஃது அயல்நாடே.

பிறர் பிள்ளையைப் பேணும் பணியின் அருமையை நான் நூல்களில் மட்டும் படித்தறிந்தவன் அல்லன். நானும் என் தமக்கையாரும் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்கள். விடியுமுன் பிரட்டுக்குச் செல்லும் எங்கள் அன்னையார், எங்களை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் பால்மரம் சீவச் செல்வார். புடவைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும் அக்கொட்டகையில், மரம் சீவும் வலுவிழந்த மூதாட்டி ஒருவரே எங்களுக்குக் காவல். பாலூட்டுவதும் தாலாட்டுவதும் கதை சொல்வதும் அவர்தாம். பள்ளி செல்லும் வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி இருத்தல் வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. அப்பள்ளிக்குப் போகுமுன் நாங்கள் கற்ற தமிழ் முழுவதும் அந்த ஆயா தந்தது. பின்னாளில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஃபுரோபெல், மாண்டிசோரி ஆகியோரின் கொள்கைகளைத் தேர்வுக்காக உருப்போட்டபோதெல்லாம் அந்தப் புடவைத் தொட்டில்களே என் கண்முன் ஆடின.

என் தமக்கை மகளின் நாள் அதிகாலை ஐந்து மணிக்குத் தொடங்குகின்றது. யீஷூனில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி ஒன்றில், வேறொரு பெண்ணுடன் ஓர் அறையைப் பகிர்ந்து வாழ்கிறாள். அவள் பணியாற்றும் குழந்தைப் பராமரிப்பு நிலையமும் ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில்தான் இருக்கின்றது. காலை ஏழு மணிக்குக் கதவு திறக்கும். மாலை ஏழு மணிக்குத்தான் மூடும். பெற்றோர் கைப்பிடித்து அழைத்து வரும் ஒவ்வொரு குழந்தையின் உடற்சூட்டையும் பார்த்து, உள்ளங்கையையும் வாயையும் சோதித்த பின்னரே உள்ளே விடவேண்டும். கை கால் வாய் நோய் ஒரு குழந்தைக்கு வந்துவிட்டால் வகுப்பு முழுவதும் பரவிவிடும் என்னும் அச்சம் அங்கு எப்பொழுதும் உண்டு.

மூன்று வயதைத் தாண்டிய பதினைந்து குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியை, நான்கைத் தாண்டினால் இருபதின்மருக்கு ஒருவர் என்று அந்நாட்டில் கணக்கு வகுத்திருக்கிறார்கள். எங்கள் அரசாங்கப் பாலர் வகுப்பில் இருபத்தைவருக்கு ஆசிரியை ஒருவரும் உதவியாளர் ஒருவரும். "உங்களுக்குப் பகல் பன்னிரண்டுக்கெல்லாம் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடும் மாமா, எங்களுக்கு அப்பொழுதுதான் பாய் விரிக்கும் நேரம்" என்பாள். மறுமொழி கூற இயலவில்லை.

அந்நிலையத்தில் சீனக் குழந்தைகள் மிகுதி. மலாய்க் குழந்தைகள் சிலர். தமிழ்க் குழந்தைகள் நால்வர். சீன ஆசிரியையைக் குழந்தைகள் 'லாவ்ஷி' என்கின்றன. மலாய் ஆசிரியையைச் 'செக்கு' என்கின்றன. இவளை 'ஆசிரியை' என்று அழைக்கவேண்டும். மூன்று வயதுக் குழந்தையின் நாவுக்கு அச்சொல் நீளம். ஆகவே முதல் வாரத்திலேயே ஒரு சிறுமி அதைச் சுருக்கி 'ஆச்சி' ஆக்கிவிட்டாள். சீனக் குழந்தைகளும் அதையே பற்றிக்கொண்டன. இருபத்தைந்து வயது நிரம்பாதவள் ஒரே வாரத்தில் பாட்டியாகிவிட்ட கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். யாரையும் திருத்தவில்லையாம். "ஆசிரியை என்றால் அவர்களுக்கு ஒன்றும் புரியாது மாமா, ஆச்சி என்றால் நான்தான் என்று தெரியும்."

அந்நால்வரும் தமிழர் வீட்டுப் பிள்ளைகளே எனினும் தமிழ் கேட்டு வளர்ந்தவர்கள் அல்லர். 2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர் இந்தியருள் 59 விழுக்காட்டினர் வீட்டில் மிகுதியாகப் பேசுவது ஆங்கிலம். பெற்றோரைக் குறை கூறி இதைக் கடந்துவிட எனக்கு விருப்பமில்லை. அவர்களும் காலை ஏழு மணிக்குப் பிள்ளையை விட்டுவிட்டு ஓடுகிறவர்கள்தாம். அப்பிள்ளைகளுக்கு நாள்தோறும் தமிழில் பேசும் பெரியவர் இந்த அயல்நாட்டு ஆச்சி ஒருத்தியே.

அவள் கற்பிக்கும் முறையை அருகிருந்து காண ஒருமுறை எனக்கு வாய்ப்புக் கிட்டியது. நிலையத்தில் பெற்றோர்க்கான நாள். விருந்தினனாக ஒரு மூலையில் அமர்ந்திருந்தேன். தமிழ்ப்பாடம் என்று குறித்திருந்த அரைமணி நேரத்தில் அவள் செய்தது சிறிதே. ஒரு கதை, ஒரு பாட்டு, நான்கு படங்கள். உண்மையான பாடம் கை கழுவும் தொட்டியருகே நடந்தது. "கையை நீட்டு. சோப்பு எங்கே? தேய், தேய். விரலுக்கு நடுவே! தண்ணீர் போதுமா?" காலணி மாட்டும்போது வலது, இடது. சோறு உண்ணும்போது சூடு, ஆறட்டும், இன்னும் வேணுமா. வினைச்சொற்களும் பெயர்ச்சொற்களும் வேற்றுமையுருபுகளும் நீரோடும் சோற்றோடும் சேர்ந்தே அக்குழந்தைகளுக்குள் இறங்கின. ஆயாக் கொட்டகையில் நான் கற்றதும் இவ்வாறே இருந்திருக்க வேண்டும்.

அன்று மாலை எங்களுக்குள் ஒரு சிறு வழக்கு எழுந்தது. 'வேணும்' என்று கற்பிப்பது முறையா, 'வேண்டும்' என்றல்லவா கற்பிக்க வேண்டும் என்றேன். 2005ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூரின் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பேச்சுத் தமிழுக்கு இடமளிக்க வலியுறுத்தியதை அவள் எடுத்துரைத்தாள். "பிள்ளை 'வேண்டும்' என்று வீட்டில் சொன்னால் அம்மா சிரிக்கிறார் மாமா. சிரித்தால் பிள்ளை மறுநாள் பேசாது." மூன்று வயதுக்கு அவள் கூற்றே பொருந்தும். ஆறு வயதில் என் பக்கம் வந்தாக வேண்டும் என்பது இன்றும் என் கருத்து, அவளும் அறிவாள்.

2020 மார்ச் 18ஆம் நாள் மலேசியா எல்லையை மூடியது. பதினான்கு நாள்களில் திறந்துவிடும் என்று எல்லாரும் நம்பினோம். பாலத்தின் வழியே முன்போலத் தடையின்றிச் சென்றுவர 2022 ஏப்ரல் 1 வரை காத்திருக்க நேர்ந்தது. ஏப்ரல் மாதத்தில் சிங்கப்பூரின் பாலர் பள்ளிகள் பொதுவாக மூடப்பட்டபோதும், மருத்துவமனை முதலிய இன்றியமையாப் பணிகளில் இருப்போரின் பிள்ளைகளுக்காகச் சேவை தொடர்ந்தது. இவளும் நாள்தோறும் சென்றாள், முகக்கவசத்தோடு. ஆசிரியர்களாகிய நீங்கள் எண்ணிப் பாருங்கள்: வாயைக் காட்டாமல் ழகரத்தை எங்ஙனம் கற்பிப்பது? அவள் இடக்கையைக் கவிழ்த்து அண்ணமாக்கினாள். வலக்கை விரல்களை நாவாக்கி உள்நோக்கி வளைத்துக் காட்டினாள். மழை என்று சொல்லும்போதெல்லாம் நான்கு ஜோடிக் கைகள் அவ்வாறே வளையுமாம். பயிற்சிக் கல்லூரியில் மூன்று ஆண்டுகள் இருந்தும் இந்த உத்தியை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அந்த ஈராண்டுக்குள், 2021ஆம் ஆண்டில், என் அன்னையார் மறைந்தார். என் தமக்கை மகளை வளர்த்தவர் அவரே. தமக்கையார் தொழிற்சாலையில் மாறிமாறி வேலை பார்த்த காலத்தில், பேத்திக்குச் சோறூட்டியதும் பள்ளிக்குக் கூட்டிச் சென்றதும் அந்தப் பால்மரக் கைகள்தாம். இறுதிச் சடங்கிற்கு ஒரு சிலருக்கே அனுமதி இருந்தது. எல்லைக்கு அப்பாலிருந்து ஒருத்தி வருவதற்கு வழியேயில்லை. என் மகன் கைத்தொலைபேசியைப் பிடித்துக் காட்டினான். அங்கே அப்போது பிள்ளைகள் உறங்கும் நேரம். விளக்கணைத்த அறையில், உறங்கும் குழந்தைகளின் நடுவே பாயில் அமர்ந்து, ஒலியைக் குறைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். சடங்கு முடியுமுன் ஒரு குழந்தை விழித்து அழுதது. தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதைத் தட்டிக்கொடுக்கும் ஓசை மட்டும் எங்களுக்குக் கேட்டது. சற்று நேரங்கழித்துப் பிள்ளைகளை எழுப்பி, முகம் கழுவிவிட்டு, சிற்றுண்டி பரிமாறினாள் என்று பின்னர் அறிந்தோம்.

மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்குப் பயிற்சி அளிக்க வந்து, போர் மூண்டமையால் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்த வரலாற்றை நம் மாணவர்கள் படித்திருப்பர். நானும் அதை ஒரு தேதியாகவே மனத்தில் வைத்திருந்தேன். அன்றைக்குப் பிறகு அவ்வாறு படிக்க முடிவதில்லை.

ஊதியத்தைப் பற்றி ஒரு சொல். ஒரு சிங்கப்பூர் வெள்ளி நம் மூன்று ரிங்கிட்டுக்கும் மேல் என்பதே வெளியில் தெரிகின்றது. அறை வாடகையும் உணவும் கழிந்து எஞ்சுவது பலர் நினைப்பதைவிடக் குறைவு. ஆயினும் எஞ்சியதில்தான் தமக்கையாரின் வீட்டுக் கடன் அடைகின்றது.

இப்பொழுது சிக்கல் வேறு. தமக்கையாருக்குக் கண்பார்வை மங்கி வருகின்றது. மகள் திரும்பிவிட வேண்டும் என்று அவர் விரும்புகிறார். வேலை அனுமதி இவ்வாண்டு புதுப்பிக்கப்பட வேண்டும். புதுப்பிக்காமல் வந்துவிடு என்பது அவருடைய வேண்டுகோள். தாயின் பக்கம் நியாயம் இல்லையென்று யார் கூற முடியும்? ஆனால் தமிழாசிரியை இல்லாத பாலர் நிலையங்களில் தமிழ்ப் பிள்ளைகள் சீன வகுப்பில் அமர்வதும் உண்டு. தான் வந்துவிட்டால் அந்நால்வரும் அங்கேதான் அமர்வர் என்று அவள் அஞ்சுகிறாள். இருவரும் தனித்தனியே என்னிடம் தீர்ப்புக் கேட்கிறார்கள். தலைமையாசிரியன் என்றால் எல்லாவற்றுக்கும் விடை வைத்திருப்பான் என்று குடும்பத்தார் எண்ணுவது பெருந்தொல்லை.

சென்றமுறை வந்தபோது பாட்டியின் முறத்தைக் கேட்டாள். பிள்ளைகளுக்கு அரிசி புடைத்துக் காட்ட வேண்டுமாம். தமக்கையார் பரண்மேலிருந்து எடுத்துத் தூசு தட்டிக் கொடுத்தார். லார்க்கினிலிருந்து 170ஆம் எண் பேருந்தில் அதைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டே நின்றாளாம். குடிநுழைவு அதிகாரி ஒருவர் சிரித்துவிட்டாராம்.

மறுவாரம் ஒரு காணொளி அனுப்பினாள். முறத்தில் அரிசி எழும்பி விழுகின்றது. உமி பறக்கும்போது குழந்தைகள் கூவுகின்றன. ஆங்கிலம் தவிர வேறொன்றும் பேசாதிருந்த ஒரு சிறுவன் முன்னால் வந்து, "ஆச்சி, இன்னொரு வாட்டி!" என்கிறான். தமக்கையார் தொலைபேசியைக் கண்ணருகே வைத்து இருமுறை கேட்டார். "யார் பிள்ளை தம்பி அது? நம் பெண்ணையா ஆச்சி என்கிறது?" என்றார். ஆமென்றேன். மீண்டும் ஒருமுறை போடச் சொன்னார். வேலை அனுமதியைப் பற்றி அன்றிரவு அவர் பேசவில்லை.