காணாமல் போன வினாத்தாள்கள்

போன சனிக்கிழமை சிலாபத்தில் ஒரு கடையில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு முன்னேஸ்வரம் வந்து, வீட்டுக் கொம்பியூட்டரில் பென்டிரைவைப் போட்டேன். என் போல்டர்கள் எல்லாம் சோர்ட்கட்டாக மாறியிருந்தன. நல்லவேளை, ஒன்றையும் கிளிக் பண்ணவில்லை. அந்தச் சோர்ட்கட்டைத் திறந்தால்தான் வைரஸ் நம் கொம்பியூட்டருக்குள் இறங்கும்.

மூன்று வருடமாக ராவு ராவாக டைப் பண்ணிய புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள்கள் அதற்குள். திங்கள் காலை அதிபரிடம் கொடுக்க வேண்டிய தவணைப் புள்ளிப் பட்டியலும் அதற்குள். வேறெங்கும் பிரதி இல்லை. (தெரியும், திட்டாதீங்க.)

கடைக்குப் போன் எடுத்தேன். "டீச்சர், அது போமட் அடிக்கத்தான் வேணும். உள்ளுக்கு ஒண்டும் இரிக்காது" என்றார் தம்பி.

ஆனால் 8 ஜிபியில் 5 ஜிபி நிரம்பியிருக்கிறது என்று விண்டோஸ் காட்டுகிறதே! வெறும் சாக்கு இப்படிக் கனக்குமா?

கல்வியியற் கல்லூரியில் ஒரு சேர் எங்களைக் கறுப்புத் திரைக்கு முன்னால் இருத்தி, மவுஸைத் தொடவே விடமாட்டார். 1981இல் ஐபிஎம் கொம்பியூட்டரோடு வந்த டொஸ் காலத்துக் கட்டளைகள் இப்போது எதற்கு என்று நாங்கள் சிரிப்போம். அன்று சிரித்தவள் அந்தப் பழைய கொப்பியைத் தேடி அலுமாரியைக் கிண்டினேன்.

முதலில் டிபெண்டரால் வைரஸ் ஸ்கேன். பிறகு விண்டோஸ் பட்டனோடு ஆர் எழுத்தை அழுத்தி, சிஎம்டி என்று அடித்து என்டர். பென்டிரைவின் எழுத்து ஜி. அதோடு முக்காற்புள்ளி போட்டு என்டர். 'டிர்' என்று அடித்தால் சோர்ட்கட்டுகள் மட்டும். 'டிர்', இடைவெளி, சாய்கோடு, ஏ என்று அடித்தேன். மறைத்து வைத்ததையும் காட்டும் கட்டளை அது. வரிசையாக வந்தன! தமிழில் பெயர் வைத்தவை சின்னச் சின்னப் பெட்டிகளாகத்தான் தெரிந்தன. திகதியைப் பார்த்தே இது இந்த வருடத்துத் தரம் 5 என்று கண்டுகொண்டேன். நெஞ்சுக்குள் தண்ணீர் ஊற்றியது மாதிரி இருந்தது.

வைரஸ் எதையும் அழிக்கவில்லை. 'மறைந்தது', 'சிஸ்டத்துக்குரியது' என்ற இரண்டு அடையாளத்தையும் ஒட்டிவிட்டிருக்கிறது. சிஸ்டம் அடையாளம் இருப்பதால் புரொபர்ட்டீஸில் போய் டிக்கை எடுக்கவும் முடியாது. அட்ரிப் கட்டளைதான் வழி: அட்ரிப், கழித்தல் எச், கழித்தல் எஸ், சாய்கோடு எஸ், சாய்கோடு டி. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓர் இடைவெளி. எச்சை மட்டும் கழற்றப் பார்த்தேன், மறுத்துவிட்டது. இரண்டையும் ஒரே வரியில் கழற்ற வேண்டும். சாய்கோடு எஸ் உள் போல்டர்களுக்கும் போகும், டி போல்டர்களையும் சேர்க்கும்.

அடித்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு நிமிடம் போயிருக்கும். எல்லாம் திரும்பி வந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

சந்தோஷத்தில் சோர்ட்கட்டுகளை அழிக்கப் போய், டெல் என்று அடித்து நட்சத்திரம், புள்ளி, நட்சத்திரம் போட்டுவிட்டேன். "நிச்சயமா?" என்று திரை கேட்டபோதுதான் கை நின்றது. அங்கே அழித்தால் குப்பைத் தொட்டிக்குக்கூடப் போகாது. என் அடித்து நிறுத்தி, சோர்ட்கட்டுகளை மவுஸாலேயே அழித்தேன்.

திங்கள் பட்டியலை மின்னஞ்சலில் அனுப்பித்தான் அதே கடையில் பிரிண்ட் எடுத்தேன். தம்பி கட்டளையை எழுதித் தரச் சொல்லி, பில்லின் பின்பக்கத்தை நீட்டினார். எழுதிக் கொடுத்தேன். பிரிண்ட் காசை முழுசாக வாங்கிக்கொண்டார்.