அத்தர் வாங்கும் முன்

அத்தர் மணக்காத பெருநாளை நம் இல்லங்களில் எண்ணிப் பார்க்க இயலுமா? ஆயினும் அதை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்று நமக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. நாற்பதைக் கடந்த பின்னரே நான் அறிந்தேன். அறிந்த விதம் வெட்கத்திற்குரியது.

சென்ற ரமளானில் கடைக்காரர் நீட்டிய குப்பியை ஒரே முறை முகர்ந்து, மயங்கி வாங்கிவிட்டேன். மறுநாள் தாராளமாகப் பூசிக்கொண்டு மத்ரஸாவுக்குச் சென்றேன். முன்வரிசைச் சிறுவன் ஒருவன் எழுந்து பின்னால் போய் அமர்ந்தான். அழைத்தேன், வரவில்லை. பணிவில்லாதவன் என்று அனைவர் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். மூன்று நாட்கள் அவன் ஓத வரவில்லை. நான்காம் நாள் அவன் தாயார் வந்தார். "ஹஜ்ரத், பிள்ளைக்கு இளைப்பு உண்டு. உங்கள் அத்தர் வாடை பட்டால் மூச்சு முட்டுகிறது. சொல்லப் பயப்படுகிறான்" என்றார்.

அதன் பின்னரே அனுபவமுள்ள அத்தர் வியாபாரி ஒருவரிடம் பாடம் கேட்டேன். நறுமணம் என்பது ஒரே மணமன்று. எலுமிச்சை போன்றவற்றின் மணம் முதலில் எழுந்து விரைவில் ஆவியாகிவிடும். அடுத்து ரோஜா, மல்லிகை போன்ற மலர்களின் மணம். சந்தனம், அகில், கஸ்தூரி ஆகியவையோ பல மணி நேரம் நிற்கும். நான் விலை கொடுத்தது முதல் சில நிமிடங்களுக்கு. சுமந்ததோ பகல் முழுவதையும்! எனவே மணிக்கட்டில் ஒரு துளி வைத்து, தேய்க்காமல், ஒரு மணி நேரம் வெளியே உலவிவிட்டு வந்து முடிவு செய்யுங்கள். ஒரே நாளில் இரண்டு மூன்றுக்கு மேல் முகர்ந்தால் மூக்கு குழம்பிவிடும்.

உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் செம்புக் கொப்பரையில் மலரும் நீரும் இட்டுக் காய்ச்சி, ஆவியை மூங்கில் குழாய் வழியே சந்தன எண்ணெயில் இறக்குவர். சுட்ட மண்ணிலிருந்தும் அங்கே அத்தர் எடுக்கிறார்கள். முதல் மழையின் வாசனை! சந்தன எண்ணெய் விலை மிகுந்ததால் இன்று பலர் பாரஃபின் எண்ணெயைச் சேர்க்கின்றனர். மலிவான குப்பியில் 'அசல்' என்றிருந்தால் ஐயுறுங்கள்.

தெளிக்கும் சென்ட்டில் ஆல்கஹால் இருப்பதால் மணம் சட்டென்று அறையெங்கும் பரவும். (அதன் மார்க்கச் சட்டம் தனிக் கட்டுரைக்குரியது.) அத்தர் எண்ணெயாதலால் மெல்லப் பரவும், ஒரு துளியே போதும். நான் பூசியதோ உள்ளங்கை நிறைய.

சிறுவனின் வீட்டிற்கே சென்று மன்னிப்புக் கேட்டேன். இப்போது வெள்ளிக்கிழமை மட்டும், வகுப்பு முடிந்த பின்னரே அத்தர் தொடுகிறேன். அவன் ஓத வருகிறான். ஆனால் இன்னும் மூன்றாம் வரிசையில்தான் அமர்கிறான்.