பூஜ்யத்தைக் காத்தவர்

கால்பந்து ஆட்டத்தில் பதினொருவர் களம் இறங்குகின்றனர். பத்துப் பேருக்கு ஓடுவது தொழில். ஒருவருக்கு மட்டும் நின்று காப்பது தொழில். அவரே கோல் காப்பாளர். முன்னணி ஆட்டக்காரர் பத்து முறை தவறவிட்டு ஒரு முறை பந்தை உள்ளே செலுத்தினால் வீரர் எனப் போற்றப்படுகிறார். காப்பாளரோ பத்து முறை தடுத்து ஒரு முறை தவறவிட்டால், அந்த ஒன்றே ஊர்ப் பேச்சாகிவிடுகிறது. இளமையில் சில காலம் அக்கம்பங்களுக்கிடையே நின்றவன் நான். ஆதலால், பழைய ஆட்டங்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் மறுமுனையில் நின்று காத்தவர் யார் என்று தேடுவது என் வழக்கம். அவ்வாறு நான் அறிந்து நேசித்தவர் ஜாக் வாலஸ்.

ஸ்காட்லாந்தில், எடின்பரோவுக்கு அருகே வாலிஃபோர்டு என்னும் சுரங்கத் தொழிலாளர் ஊரில் 1935-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தந்தையும் கோல் காப்பாளரே. மகன் பட்டாளத்தில் சேர்ந்து மலாயாக் காடுகளைக் கண்டார். பின்னர்க் கழகம் விட்டுக் கழகம் மாறி, பெரும்புகழ் ஏதுமின்றி, முப்பது வயதைக் கடந்த நிலையில் பெர்விக் ரேஞ்சர்ஸ் என்னும் சிறு கழகத்தை வந்தடைந்தார். ட்வீட் ஆறு கடலில் கலக்கும் பெர்விக் நகரம் இருப்பது இங்கிலாந்து மண்ணில். கழகம் ஆடியதோ ஸ்காட்லாந்தின் இரண்டாம் பிரிவில். பிழைப்புக்கு வேறு வேலை செய்துகொண்டே பந்தாடியவர்கள் அதன் ஆட்டக்காரர்கள். வாலஸ் அங்கே காப்பாளர், மேலாளரும் அவரே.

1967 ஜனவரி 28 அன்று ஸ்காட்டிஷ் கோப்பையின் முதல் சுற்றில் அவர்களை எதிர்த்து வந்தது கிளாஸ்கோ ரேஞ்சர்ஸ். முந்தைய ஆண்டு அதே கோப்பையை வென்ற பேரணி அது. பதின்மூவாயிரம் பேருக்கு மேல் திரண்டிருந்தனர். முற்பாதியில் பெர்விக்கின் சாம்மி ரீட் ஒரு கோல் அடித்தார். அதன்பின் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வாலஸும் அவர்தம் தோழர்களும் அந்த ஒரு கோலைக் காத்து நின்றனர். ஆட்டம் 1–0 என முடிந்தது!

தோற்ற அணியின் முன்னணி ஆட்டக்காரர் இருவர் அதன்பின் அக்கழகத்திற்கு ஆடவே இல்லை. ரீடின் பெயர் வரலாற்றில் நிலைத்தது. அந்த ‘1’ ரீடுக்கு உரியது என்றால், அந்த ‘0’ வாலஸுக்கு உரியதன்றோ?

காலம் விந்தையானது. தாம் வீழ்த்திய அதே கிளாஸ்கோ கழகத்திற்கு வாலஸ் 1970-இல் பயிற்சியாளராகவும், 1972-இல் மேலாளராகவும் ஆனார். 1976-இலும் 1978-இலும் நாட்டின் மூன்று பெரும் பரிசுகளையும் அதற்கு ஒருசேர வென்று தந்தார். பிற்காலத்தில் பார்க்கின்சன் நோய் அவரை வாட்டியது; 1996-இல், அறுபதாம் வயதில் மறைந்தார். பெர்விக் கழகமும் 2019-இல் ஸ்காட்லாந்து லீக்கிலிருந்து கீழிறங்கிற்று. எனினும் அன்று காத்த பூஜ்யத்தை எவரும் அழிக்க இயலாது.

என் தந்தை நோயுற்றுக் கிடந்த ஆண்டுகளில், எங்கள் வீட்டுக்குள் கடனும் பசியும் நுழையாமல் காத்தவர் என் தாயார். அவரை எவரும் கைதட்டிப் பாராட்டியதில்லை. “இன்று என்ன நடந்தது?” என்று கேட்போருக்கு, “ஒன்றும் நடக்கவில்லை” என்பதே எங்கள் விடையாக இருந்தது. அந்த ஒன்றுமில்லாமைக்குப் பின்னே எத்தனை இரவுகளின் விழிப்பு! அன்பர்களே, உங்கள் இல்லத்திலும் அப்படி ஒருவர் நின்றுகொண்டிருப்பார். அவர் காத்துத் தந்த அமைதிக்கு, அவர் செவி கேட்கவே நன்றி சொல்லுங்கள்.