மண்ணூர் வழியே
மண்ணூர்ப் பக்கம் இப்போது வயல்களோடு ஆலைக் கூரைகளும் தென்படுகின்றன. அவற்றைப் பார்த்துக்கொண்டே ஸ்ரீபெரும்பூதூர் சேர்ந்தோம். ராமாநுஜர் அவதரித்த இத்தலத்தில், பின்லாந்து தேசத்து நோக்கியா கம்பெனி 2006-ல் கைபேசி உற்பத்தியைத் தொடங்கியது. 2013-ல் நமது சர்க்காருடன் வரி வியாஜ்யம் மூண்டது. சொத்து முடக்கத்தால் ஆலை மைக்ரோஸாப்டுக்குக் கைமாறவில்லை. 2014 நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது. இளம் பெண்கள் பலர் வேலை இழந்தனர்.

இலங்கை 1962-ல் அந்நிய எண்ணெய்க் கம்பெனிகளின் சொத்துக்களை எடுத்துக்கொண்டபோது, மறு வருஷம் அமெரிக்கா உதவியை நிறுத்திற்று. இங்கோ அத்தகைய மிரட்டலின்றி, இரு தேசத்து அதிகாரிகளும் உடன்படிக்கைப்படி பேசி 2018-ல் சமரசம் கண்டனர்.

வரி கேட்பது சுதந்திர தேசத்தின் உரிமை, அதை விட்டுக்கொடுக்கலாகாது. ஆனால் பேச்சும் காலத்தில் நடக்க வேண்டும். கருகிய பயிருக்குப் பின்மழை உதவுமோ?