விடுதலை மணிக்குப் பக்கத்தில் ஒரு வீடு

பிள்ளை வீடு, பெண் வீடு என்று நம்மவர்கள் அமெரிக்கா போய் வருவது இப்போது சர்வசாதாரணமாகிவிட்டது. போனால் நயாகரா, சுதந்திர தேவி சிலை, வெள்ளை மாளிகை... இந்த மூன்றோடு ஃபிலடெல்ஃபியாவையும் சேர்த்துக் கொள்ளுங்கள், சகோதரிகளே! நியூயார்க்கிலிருந்து பஸ்ஸில் சுமார் இரண்டு மணி நேரம்தான். 1776-ல் அமெரிக்க சுதந்திரப் பிரகடனம் பிறந்த ஊர் இது. 1790-லிருந்து 1800 வரை நாட்டின் தலைநகரமாகவும் இருந்தது.

எல்லோரும் முதலில் பார்க்க ஓடுவது ‘லிபர்ட்டி பெல்’ என்கிற விடுதலை மணியைத்தான். கட்டணம் கிடையாது. ஆள் உயரத்துக்கு இல்லாவிட்டாலும் நல்ல கனமான மணி. நடுவில் பெரிய விரிசல். நாடெங்கும் விடுதலையை முழங்குமாறு சொல்லும் பைபிள் வாசகம் அதன் மேல் இருக்கிறது. அதற்கு ‘விடுதலை மணி’ என்று பெயர் வைத்தது யார் தெரியுமா? ராஜாங்கத்தார் இல்லை. 1830-களில், அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்டவர்கள்தான் அந்தப் பெயரைப் பிரபலமாக்கினார்கள். “மணியில் எழுதியிருக்கிறீர்களே, அந்த விடுதலை கறுப்பு மக்களுக்குக் கிடையாதா?” என்பது அவர்களுடைய கேள்வி.

அந்தக் கேள்விக்கு அர்த்தம் புரிய வேண்டுமானால், மணி மண்டபத்து வாசலை ஒட்டி இருக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும்.

கூரையில்லாத வீடு

மார்க்கெட் தெருவும் ஆறாவது தெருவும் சேரும் முனை அது. வெள்ளை மாளிகை கட்டி முடிப்பதற்கு முன்னால், முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் 1790 முதல் 1797 வரை குடியிருந்த வீடு இங்கேதான் இருந்தது. வீடு எப்போதோ இடிந்து போயிற்று. 2007-ல் தோண்டிப் பார்த்தபோது சமையலறையின் அஸ்திவாரமும், அங்கிருந்து பெரிய வீட்டுக்கு வேலைக்காரர்கள் போய்வர இருந்த நிலத்தடி வழியும் வெளிப்பட்டன. 2010-ல் இதையே நினைவிடமாக்கித் திறந்தார்கள். சுவர்களின் சட்டம், வாசற்படி, ஜன்னல் எல்லாம் உண்டு. கூரை மட்டும் கிடையாது. அந்த வீட்டில் வேலை செய்த ஒன்பது அடிமைகளின் பெயர்களையும் கல்லில் பொறித்தார்கள்.

ஹெர்குலீஸ் என்பவர் சமையற்காரர். அவர் கைப்பக்குவம் ஊர் முழுக்கப் பிரசித்தம். மால் என்ற பெண் எஜமானியின் பேரக் குழந்தைகளை வளர்த்த ஆயா. ஓனா ஜட்ஜ் என்ற இளம்பெண், ஜனாதிபதியின் மனைவி மார்த்தா அம்மையாருக்குத் தலை வாரி, உடை உடுத்திவிட்டு, துணி தைத்துக் கொடுத்த பணிப்பெண். ஓனாவின் தாயாரும் அதே குடும்பத்தில் தையல் வேலை செய்த அடிமைதான். அடிமைத் தாய் பெற்ற குழந்தையும் அடிமை என்பது அன்றைய சட்டம்.

ஆறு மாதக் கணக்கு

பென்சில்வேனியா மாநிலத்தில் 1780-லேயே அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கச் சட்டம் வந்துவிட்டது. வெளி மாநிலத்து எஜமானர் தம் அடிமையை இங்கே தொடர்ந்து ஆறு மாதம் வைத்திருந்தால், அந்த அடிமை விடுதலை கேட்கலாம். இதற்கு வாஷிங்டன் வீட்டார் என்ன செய்தார்கள்? ஆறு மாதம் நிறைவதற்குள் ஏதாவது சாக்குச் சொல்லி அவர்களை எல்லைக்கு வெளியே அனுப்பித் திரும்ப அழைத்துக் கொண்டார்கள். விஷயம் அடிமைகளுக்கும் வெளியாருக்கும் தெரியக் கூடாது என்று வாஷிங்டன் 1791-ல் தம் காரியதரிசிக்கு எழுதிய கடிதமே இருக்கிறது. நாட்டின் தந்தை என்று போற்றப்படுகிறவர்! படிக்கும்போது மனசு என்னவோ செய்கிறது.

“நன்றாகத்தானே வைத்திருந்தார்கள்?” என்று யாராவது கேட்கலாம். உண்மைதான். ஓனாவுக்கு நல்ல துணிமணி உண்டு. வேடிக்கை பார்க்கப் போகக் காசு கொடுத்தது கூட வீட்டுக் கணக்கில் இருக்கிறது. ஆனால் 1796-ல் மார்த்தா அம்மையாரின் பேத்தி எலிசபெத்துக்குக் கல்யாணம் நடந்தது. அந்தப் பேத்தி முன்கோபக்காரி. அவளுக்கே தன்னைக் கொடுத்துவிடப் போகிறார்கள் என்பது ஓனாவுக்குத் தெரிய வந்தது. சீர்வரிசையில் பாத்திரம் பண்டம் கொடுப்பது போல ஒரு பெண்ணைக் கொடுப்பதா?

அந்த ஊரில் விடுதலை பெற்ற கறுப்பு மக்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களில் சிநேகிதமானவர்கள் வீட்டுக்கு ஓனா தன் பொருள்களை முன்கூட்டியே அனுப்பிவிட்டாள். வீட்டார் ஊருக்குப் புறப்பட மூட்டை கட்டிக் கொண்டிருந்தார்கள்; அவளும் தன் மூட்டையைக் கட்டினாள். 1796 மே 21-ந் தேதி, எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த சமயம் பார்த்து வெளியே நடந்தாள். அப்போது அவளுக்கு வயது சுமார் இருபத்திரண்டு. கண்டுபிடித்துக் கொடுத்தால் 10 டாலர் சன்மானம் என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தது. ஓடிப் போக ஒரு காரணமும் இல்லையே என்று அதில் ஆச்சரியம் வேறு!

கப்பலேறி அவள் போய்ச் சேர்ந்தது நியூ ஹாம்ப்ஷைரில் உள்ள போர்ட்ஸ்மத் துறைமுகம். தன்னை ஏற்றிச் சென்ற கப்பல் தலைவரின் பெயரை, அவர் இறக்கும் வரை ஓனா வாயைத் திறந்து சொல்லவில்லை. சொன்னால் அவருக்கு ஆபத்தாயிற்றே!

திரும்பிப் போகாதவள்

வாஷிங்டன் விடவில்லை. ஓடிப்போன அடிமைகளைப் பிடிக்கும் சட்டத்தில் 1793-ல் கையெழுத்திட்டவரே அவர்தான். சுங்க அதிகாரி ஒருவர் மூலம் பேசிப் பார்த்தார். “உங்கள் காலத்துக்குப் பிறகாவது விடுதலை தருவதாக வாக்களித்தால் வருகிறேன்” என்ற மாதிரி ஓனா பதில் சொல்லியனுப்பினாள். அவர் சம்மதிக்கவில்லை. 1799-ல் மார்த்தா அம்மையாரின் உறவினர் ஒருவர் நேரிலேயே வந்தார். அப்போது ஓனா கல்யாணமாகிக் கைக்குழந்தைக்காரி. பலவந்தமாகக் கொண்டு போக அவர் திட்டமிட்டது யார் மூலமோ அவள் காதுக்கு எட்டியது. குழந்தையைத் தூக்கிக் கொண்டு பக்கத்திலிருந்த கிரீன்லாந்து என்ற சிற்றூருக்குப் போய்விட்டாள்.

அதே வருஷம் காலமான வாஷிங்டன், தமக்குச் சொந்தமான அடிமைகளுக்கு விடுதலை கொடுக்க உயிலில் எழுதி வைத்தார். ஆனால் ஓனா, மார்த்தா அம்மையாரின் முதல் கணவர் குடும்பத்துச் சொத்து. உயில் அவளுக்குப் பொருந்தாது. அவள் பெற்ற மூன்று குழந்தைகளும் கூடச் சட்டப்படி அந்தக் குடும்பத்து உடைமையே! எந்த நேரம் யார் வந்து கதவைத் தட்டுவார்களோ என்ற பயத்தோடேயே ஒரு தாய் பிள்ளைகளை வளர்த்தாள். கணவர் 1803-ல் போய்விட்டார். பெண்கள் இருவரும் அவளுக்கு முன்பே கண்ணை மூடினார்கள். வறுமை கடைசி வரை விடவில்லை.

முதுமையில் ஒரு பத்திரிகைக்காரர், “அந்த வீட்டை விட இங்கே கஷ்டம் அதிகமாயிற்றே, வந்தோமே என்று வருத்தமில்லையா?” என்று கேட்டார். இல்லை, நான் சுதந்திரமாக இருக்கிறேன் என்பதுதான் பதிலின் சாரம். எழுத்துப் படிக்கத் தெரியாமல் வந்தவள், அங்கேதான் படிக்கக் கற்றுக் கொண்டாள். 1848 பிப்ரவரி 25-ல் இறந்தாள். சட்டத்தின் கண்ணில் அன்றும் அடிமைதான். அந்த நாட்டில் அடிமை முறை முழுவதும் ஒழிய 1865 டிசம்பர் வரை ஆயிற்று.

ஹெர்குலீஸ் என்ன ஆனார் என்கிறீர்களா? 1797-ல் எஜமானரின் பிறந்தநாளன்றே அவரும் தப்பிவிட்டார்!

ஃபிலடெல்ஃபியாவுக்குப் போகிறவர்கள் மணியைப் போட்டோ எடுத்த கையோடு திரும்பிவிடாதீர்கள். பேரன் பேத்திகளைக் கூட்டிக் கொண்டு இந்தக் கூரையில்லாத வீட்டுக்கும் வாருங்கள். அரை மணி நேரம் போதும். தண்ணீர், தொப்பி மறக்காதீர்கள். வெயில் காலத்தில் நிழல் குறைவு. கல்லில் உள்ள ஒன்பது பெயர்களையும் குழந்தைகளையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ஓனாவின் கதையை நீங்கள் சொல்லுங்கள்.